வலிக்காத பல்லுக்கு நடந்த வைத்தியம்

பெயர், வயது, விலாசம் முன்பக்கத்தில் உள்ளபடி சரி. தொழில் லிஃப்ட் பழுது பார்ப்பது. சட்டையின் உள்பக்கம் வெளியே தெரியப் போட்டு வந்திருப்பதை இங்கே காவல் நிலைய எழுத்தர் சொல்லித்தான் அறிந்தேன். மனைவி காலமானபின் வீட்டில் அதைச் சொல்ல ஆளில்லை.

என் ஒரே மகள் பல் மருத்துவக் கல்லூரியில் கடைசி வருடம், விடுதியில் இருக்கிறாள். நோயாளி சொல்வதைச் செயற்கை நுண்ணறிவிடம் எழுதி, அது சொல்லும் நோயைத் தன் கையால் சோதித்து உறுதி செய்வது அவர்களுக்கு ஒரு பாடம். நோயாளியை மாணவரே கூட்டிவர வேண்டும். அதற்காகப் போன் செய்து, "அப்பா, பல்லு ஏதாவது வலிக்குதா?" என்று கேட்டாள். அவள் போன் செய்து வெகுநாளாகியிருந்தபடியால், "உயிர் போகுதும்மா" என்றேன். எனக்கு எந்தப் பல்லும் வலிக்கவில்லை.

அதன்பின் பல்வலி எப்படியிருக்கும் என்று கூட வேலை பார்ப்பவரிடம் விசாரித்தேன். "சில்லுனு தண்ணி பட்டா மண்டைக்குள்ள டிரில் போடுற மாதிரி இருக்கும்ணே" என்றார். நாற்காலியில் படுத்து அதை அப்படியே ஒப்பித்தேன். அதையும், முன்பு அடைத்த பல் ஒன்றின் எக்ஸ்ரேவையும் மகள் கொடுத்ததில், நரம்பு கெட்டுவிட்டது, எடுக்க வேண்டும் என்று கணினி எழுதியது. அதன்பின் அவள் என் தாடையைப் பிடித்துக்கொண்டு, குளிர்ந்த பஞ்சை அந்தப் பல்லில் வைத்துச் சோதித்தாள். நான் போட்ட கூச்சலில் பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். பஞ்சு படுமுன்பே கத்திவிட்டேனோ என்றும் சந்தேகம்.

அதன்பின் மரத்துப்போக ஊசி போட்டுப் பல்லைத் துளைத்தாள். அங்கு வந்த பேராசிரியர், "நரம்பு நல்லாத்தானே இருக்கு! மெஷின் கிணத்துல குதின்னா குதிச்சிருவியா? சோதிச்சுப் பாத்தியா?" என்றார். "பாத்தேன் சார்" என்றாள். அவர் நம்பவில்லை. பல்லைச் சுற்றி மாட்டிய ரப்பர் விரிப்பு என் வாயில் இருந்ததால் பேச முடியவில்லை. அதைக் கழற்றியதும் நடந்ததைச் சொன்னேன். "பொண்ணுக்காகப் பொய் சொல்றீங்க" என்றார். சோதிக்காமலே சோதித்ததாக எழுதினாள் என்று அவளை இடைநீக்கம் செய்து, கல்லூரி இப்புகாரைக் கொடுத்துள்ளது. அவள் சோதித்தாள். பொய் சொன்னது நான் ஒருவன்தான்.

அதன்பின் வராந்தாவில், "ஏம்பா இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டாள். "உனக்கு பேஷண்ட் வேணும்னியேம்மா" என்றேன். "இப்ப வலிக்குதா?" என்றாள். "நடிக்கக்கூட முடியல, கல்லு மாதிரி இருக்கு" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

இவை யாரும் தூண்டாமல் நானாகச் சொன்னவை; வாசிக்கக் கேட்டேன், உண்மை. மரப்பு விட்டதிலிருந்து அந்தப் பல் நிஜமாகவே வலிக்கிறது. மகள் தினமும் போன் செய்து, வலிக்கிறதா என்று கேட்கிறாள். அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

(கையொப்பம்)