ஹீட் ஏறாத அம்பாசிடர்

ராத்திரி பதினொன்றரை இருக்கும்… காங்கேயம் ரோட்டை விட்டு நொய்யல் பக்கம் இறங்கும் மண் பாதை. இரண்டு பக்கமும் வேலிக்கருவேலம். ஒரு காலத்தில் மஞ்சளும் தென்னையும் விளைந்த பூமி அது. இப்போது கருவேலத்தைத் தவிர ஒன்றும் முளைப்பதில்லை. வீடுகள் நிற்கின்றன, விளக்கு எரிவதில்லை. அந்தப் பாதையின் நடுவில் ஒரு பழைய அம்பாசிடர். பானெட் இடுக்கிலிருந்து ஆவி… உஸ்ஸ்ஸ் என்று.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பாய்லர் ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். கரண்ட் வந்து மெஷின் ஓட ஆரம்பித்தால் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. நம் அர்த்தநாரி இன்றைக்கு ஷிப்டுக்கு வரவில்லை, அதனாலும்தான் சொல்கிறேன். அந்த வண்டிக்காரர் அவனுடைய தாய்மாமன், வேல்குமார். வீரபாண்டிப் பக்கம் டையிங் வைத்திருக்கிறார். நம் கம்பெனி மாதிரியே பனியன் துணிக்குச் சாயம் போடுகிற இடம்.

மனிதருக்கு மூக்கு நுனியில் கோபம். வாங்கின நாளிலிருந்து அந்த வண்டிமேல்தான் முக்கால்வாசிக் கோபமும். அறுபதாம் வருஷத்து மார்க் ஒன் அம்பாசிடர். ஊட்டி எஸ்டேட் ஒன்றில் கோழி அடைந்து கிடந்ததைத் தூக்கி வந்து, தேர் மாதிரி பண்ணிவிட்டார். மகள் தேஜஸ்ரீ கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு இந்த வண்டியில்தான் என்று சம்பந்தி வீட்டிலும் சொந்த பந்தத்திலும் தம்பட்டம் அடித்தாயிற்று. அழைப்பு ஊர்வலம் எப்படிப் போகும், தெரியுமே! முன்னால் மேளம், அதற்கு முன்னால் வாணவேடிக்கை, வண்டி ஊர்ந்துதான் போகும். எதிர்க்காற்று கிடையாது. ரேடியேட்டர் நல்லபடி குளிர்ந்தால் உண்டு. இல்லையென்றால் ஊரே பார்க்க, மாப்பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு நடுரோட்டில் கொதித்து நிற்கும்.

கொதித்துத்தான் நின்றது. மெக்கானிக் இசக்கிமுத்து, திருநெல்வேலிப் பக்கத்து ஆள், பேன் பெல்ட்டை இறுக்கினான், தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டான், ரேடியேட்டரின் டியூபையும் மூடியையும் மாற்றினான். அப்புறம் பாகம் தேடுகிற படலம். அந்த மாடலுக்கு வாட்டர் பம்ப் எங்கே கிடைக்கும்? உக்கடத்தில் பழைய இரும்புக் கடை கடையாக ஏறினார்கள். புதுப்பேட்டையில் ஒருவன் வேறு மாடல் பம்பைத் துருவை உரசிக் கொடுத்து ஏமாற்றினான். கடைசியில் கல்கத்தா மல்லிக் பஜாரில் ஒன்று இருப்பதாகத் தகவல் வந்தது. அது வந்து சேருவதற்குள் வேல்குமார் திட்டாத ஆள் இல்லை. வீட்டில் சோற்றுத் தட்டு பறந்தது.

வெயிலில் எடுத்தால் கொதிக்கிறது என்று ராத்திரியில்தான் ஓட்டிப் பார்ப்பார். மெயின் ரோட்டில் ஊர்ந்து போனால் பின்னால் வருகிறவன் ஹார்ன் அடித்தே கொன்றுவிடுவான். அதனால்தான் அந்த மண் பாதை. ஊர்வல வேகத்தில் போய், ஊர்வல வேகத்தில் திரும்பலாம்.

அப்படிப் போன முதல் ராத்திரிதான் நான் சொன்னது. ஹீட் மீட்டர் முள் சிவப்பில். கையிலிருந்த தண்ணீர் கேன் காலி. ஸ்டியரிங்கை ஓங்கி ஓங்கிக் குத்தினார். போனில் சிக்னல் இல்லை. அப்போது இருட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

களக்… களக்…

இடுப்பில் வைத்த குடத்தில் தண்ணீர் அலம்பும் சத்தம்.

"தண்ணி வேணுங்களா?"

பொம்பளைக் குரல். முகம் தெரியவில்லை. நம் பக்கம் தெரியாததா, வாசலில் வந்து நின்றவர் யாராக இருந்தாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் நீட்டுவோம். தோட்டத்துச் சாளைக்காரி, குடிசையில் இருக்கிறவள் யாரோ என்று நினைத்துக்கொண்டார்.

"ஊத்தும்மா, சீக்கிரம் ஊத்து."

குடத்தை வாங்கி, ஆவி அடங்கியதும் அவரே ஊற்றினார். ஐஸ் மாதிரி குளிர்ந்த தண்ணீர். முள் சரசரவென்று இறங்கியது. நன்றிகூடச் சொல்லாமல் வண்டியை எடுத்தார்.

மறுநாள் இசக்கிமுத்து ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்தான். திறந்த கையோடு அப்படியே குந்திக்கொண்டு பார்த்தான்.

"மொதலாளி, இதுல எவன் கூலண்ட் ஊத்துனது? நான் ஊத்துறது பச்சையில்லா. இது நீலமால்லா வருது." மோந்து பார்த்தான். "எங்க பிடிச்சிய இந்தத் தண்ணிய? சாயப்பட்டறை நாத்தம் அடிக்கி."

"வாய மூடிக்கிட்டு வேலையப் பாரு."

சும்மா நீலம் இல்லை, நேவி ப்ளூ. முந்தின நாள் முழுக்க வேல்குமார் கம்பெனியில் ஓடியது நேவி ப்ளூ. ரேடியேட்டரைப் பிரித்தால் புது டியூப் அத்தனையும் உப்புப் பிடித்து அடைத்துக் கிடந்தது. ஒரே ராத்திரியில்.

கல்கத்தா பம்ப் வந்தது. மாட்டினார்கள். ராத்திரி அதே பாதை. அதே இடத்தில் முள் ஏறியது. இந்தத் தடவை சத்தத்துக்கு முன்னால் வாடை வந்தது. சாயத் தொட்டியில் ஆசிட் ஊற்றும்போது புளித்து ஏறுமே, அந்த வாடை. உங்கள் எல்லார் சட்டையிலும் இப்போது அடிக்கிற வாடைதான்.

களக்… களக்…

"தண்ணி வேணுங்களா?"

வாங்கி ஊற்றினார். வேறு என்ன செய்வார்? மறுநாள் அடிக்குழாயில் மெரூன் வந்தது. முந்தின நாள் கம்பெனியில் ஓடியதும் மெரூன்.

மனிதர் வெறி பிடித்தவர் மாதிரி இசக்கிமுத்துவின் சட்டையைப் பிடித்துவிட்டார். "பாதையில எவளோ தந்த நல்ல தண்ணியத்தான நான் ஊத்துனேன், என்ற கம்பெனில எவன்டா உனக்குக் கலர்த் தண்ணி எடுத்துக் குடுக்கறான்? எவன் சொல்லிடா என்ற வண்டியக் கெடுக்கற?"

இசக்கிமுத்து சட்டையை மெல்ல விடுவித்துக்கொண்டான். "இனி இந்த வண்டிய நான் தொடமாட்டேன் மொதலாளி. உங்களுக்குத் தண்ணி தந்தது யாருன்னு மொதல்ல பாருங்க." ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் போயே போய்விட்டான்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வேல்குமார் கம்பெனியிலும் சுத்திகரிப்பு பிளான்ட் இருக்கிறது, பளபளவென்று. அதிகாரி வந்தால் ஓடும். ராத்திரியானால் சுவரோரம் மண்ணுக்குள் புதைத்த ஒரு பைப் திறக்கும். சாயத் தண்ணீர் ஓடையில் இறங்கி, நொய்யலில் கலந்து, கரையோரக் கிணறுகளில் ஊறும். அந்த மண் பாதையோரம் அப்படி ஊறிய கிணறுகளில் ஒன்று மருதாள் என்கிற அம்மாவுடையது. புருஷன் இல்லை. ஒன்றரை ஏக்கர், மூன்று காங்கேய மாடு. மாடு மூன்றும் வயிறு ஊதிச் செத்தன.

அந்தம்மா ஒரு நாள் பஸ் ஏறி வேல்குமார் கம்பெனி கேட்டுக்கு வந்துவிட்டாள். இடுப்பில் பச்சை பிளாஸ்டிக் குடம், வாய்ப்பக்கம் உடைந்தது. அதில் அவள் கிணற்றுத் தண்ணீர்.

"ஏனுங்க மொதலாளி, எங்க கெணத்துத் தண்ணிங்க. ஒரே ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டுங்க. நான் ஒண்ணுமே கேக்காமப் போயிடறனுங்க."

பக்கத்தில் நாலு கூட்டாளிகள். அவர்கள் முன்னால் மனிதர் சிரித்தார். "இந்தத் தண்ணிய என்ற வண்டி ரேடியேட்டருக்குக்கூட ஊத்த மாட்டேன். தூக்கிட்டுப் போம்மா."

எல்லாரும் சிரித்தார்கள். தாகத்துக்கு வழி இல்லாமல் வந்தவளிடம் சிரிப்பு! அந்தக் கோடையிலேயே மருதாள் செத்தாள். கிணற்று மேட்டில், குடத்தைப் பிடித்தபடி கிடந்தாள் என்று சொல்வார்கள். வேல்குமார் இதையெல்லாம் ஞாபகம் வைத்திருப்பாரா? சுத்தமாக மறந்துவிட்டார்.

அழைப்புக்கு முந்தின ராத்திரி. கோயமுத்தூரில் ரேடியேட்டருக்குப் புதுச் செம்பு டியூப் போட்டுக்கொண்டு வந்தாயிற்று. வீட்டில் குடிக்க வாங்கும் கேன் தண்ணீரைத் தன் கையாலேயே ஊற்றினார். அதே பாதையில் ஓட்டிக் காட்டினால்தான் அவருக்கு மனசு ஆறும், அப்படி ஒரு வீம்பு. தேஜஸ்ரீயும் தொற்றிக்கொண்டாள். கையில் மருதாணி காய்ந்திருந்தது.

"நாளைக்கு அவரு உக்காந்து வர்ற சீட்ல இன்னைக்கு நானுங்கப்பா," என்று பின் சீட்டில் ஏறினாள்.

முள் ஏறவில்லை. பாதிக்குக் கீழேயே நின்றது. மனிதர் விசில் அடித்துக்கொண்டே ஓட்டினார். அந்த இடம் வந்தது. கொதிக்கவில்லை, ஆவி இல்லை… என்ஜின் தானாக அணைந்தது. பூச்சிச் சத்தம்கூட இல்லை. அப்புறம் அந்தப் புளித்த வாடை.

டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினார். "எவ அவ? இன்னைக்கு மூஞ்சியக் காட்டுடி!"

வெளிச்சம் முதலில் குடத்தின்மேல் விழுந்தது. பச்சை பிளாஸ்டிக் குடம், வாய்ப்பக்கம் உடைந்தது. அப்புறம்தான் முகம்.

"ரேடியேட்டருக்குக்கூட ஊத்த மாட்டேன்னீங்க," என்றாள் மருதாள். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "ரெண்டு வாட்டி வாங்கி ஊத்துனீங்களே மொதலாளி."

பயந்த மனிதன் என்ன செய்வான்? ஓடுவான். இவர் எட்டி உதைத்தார். குடம் கடகடவென்று கல்லில் உருண்டு போய் நின்றது. ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை.

"அது காலிங்க," என்றாள். "இப்பத்தான் ஒருத்தருக்குக் குடுத்தனுங்க."

திரும்பி ஓடினார். பின் கதவைப் பிடுங்கித் திறந்தார். தேஜஸ்ரீ வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தாகமா இருந்துச்சுங்கப்பா. அந்தக்கா ஜன்னல்கிட்ட வந்து, கண்ணு தண்ணி குடிக்கிறயான்னு கேட்டாங்க. குடுக்கறத வேண்டாங்கறது நல்லா இருக்காதுங்களேப்பா… ஜில்லுன்னு இருந்துச்சு."

மேல் விளக்கைப் போட்டார். உதடு இரண்டும் கிளிப்பச்சை. அன்றைக்குச் சாயங்காலம் அவர் கம்பெனி பைப்பில் இறங்கிய கலர்.

மறுநாள் ஊர்வலத்தில் வண்டி என்ன அருமையாகப் போனது தெரியுமா! மேளக்காரன் மணிக்கணக்கில் நின்று நின்று வாசித்தான். முள் அசையவில்லை. பானெட்டைத் தொட்டுப் பார்த்தவர்கள், என்னங்க இவ்வளவு ஜில்லுன்னு இருக்குது என்றார்கள். எந்தக் கடை பம்ப் என்று விசாரித்தார்கள். எந்தக் கோபமும் வராத முகத்தோடு மாமாவை அன்றைக்குத்தான் பார்த்தேன் என்றான் அர்த்தநாரி.

முகூர்த்தத்தில் ஓமப் புகை. சூடு. தேஜஸ்ரீக்கு நெற்றியெல்லாம் வேர்த்தது. வெள்ளைக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தாள். கைக்குட்டை கிளிப்பச்சை. புடவைச் சாயம் இறங்கியிருக்கும் என்றார்கள். புடவை அரக்குச் சிவப்பு.

அப்புறம் தினமும் அதுதான். வேர்த்தால் கலர். காலையில் கைக்குட்டையைப் பார்த்து, ராத்திரி பைப்பில் என்ன இறங்கியது என்று சொல்லிவிடலாம். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போனார்கள், ஒருவருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. வேல்குமார் அந்தப் பைப்பைத் தோண்டி எடுத்து, தன் கையாலேயே காங்கிரீட் போட்டு அடைத்தார். கூட ஒரு ஆளை வைத்துக்கொள்ளவில்லை.

கைக்குட்டை வெள்ளையானது. ஒரு வாரம் வெள்ளையாகவே இருந்தது. பெற்றவர் கோயில் கோயிலாகப் போய் விழுந்து எழுந்தார்.

அப்புறம் ஒரு நாள்… மஞ்சள்.

அவர் கம்பெனியில் மஞ்சள் ஓடவில்லை. வேறு எவனோ ஓட்டிய மஞ்சள். எவனோ ராத்திரியில் திறந்துவிட்ட மஞ்சள். இத்தனை நாள் தான் செய்த வேலையை இன்னொருத்தன் செய்கிறான், தன் மகள் உடம்பில் ஊறுகிறது. அன்றிலிருந்து அந்த மனிதர் ராத்திரியில் தூங்குவதில்லை. அம்பாசிடரை எடுத்துக்கொண்டு சாயப்பட்டறை சாயப்பட்டறையாகப் போகிறார். கேட்டில் நிறுத்தி, கைக்குட்டையை நீட்டி, ஒரே கேள்வி. சிலர் விரட்டுகிறார்கள். சிலர் சிரிக்கிறார்கள், முன்பு அவர் சிரித்த மாதிரியே.

அர்த்தநாரி இன்றைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டீர்களே. தேஜஸ்ரீயை மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இப்போது வேர்வை மட்டும் இல்லையாம், கண்ணீரும் கலராக வருகிறதாம்.

நேற்று ராத்திரி அந்த வண்டி நம் கேட்டுக்கு வந்தது. வாட்ச்மேன் சென்னியப்பன் அண்ணன்தான் போய்ப் பார்த்தார்.

"ஏனுங்க, இன்னைக்கு உங்க கம்பெனில என்ன கலருங்க ஓட்டறீங்க?"

கைக்குட்டையில் ராயல் ப்ளூ. நேற்று நாம் என்ன ஓட்டினோம் என்று உங்களுக்கே தெரியும். தெரியாதுங்க என்று சொல்லிவிட்டார் சென்னியப்பன் அண்ணன். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நம் மொதலாளி உத்தரவு. சொல்லும்போது பானெட்டில் கை வைத்திருக்கிறார். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, தகரம் ஐஸ் மாதிரி. சடக்கென்று கையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது பின் சீட்டைப் பார்த்தாராம்.

ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தாளாம். மடியில் பச்சைக் குடம். தளும்பத் தளும்ப.

…

கரண்ட் வந்துவிட்டது. எழுந்திருங்கள், போய் மெஷினைப் போடுங்கள்.

இன்றைக்குச் சிவப்பு. ராத்திரி பைப் வால்வைத் திறக்க யார் போகிறீர்கள்?