நாக்கு செத்துப்போன ஆறு மாதம்

அடி அண்ணாமலை போகிற டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு கணவன் மனைவி. ஐம்பதைத் தாண்டியவர்கள். யாரோடோ பேசிவிட்டுப் போனை வைத்ததும் அவர் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“எனக்கு ஆபரேஷனே பண்ணலையாம் செல்வி! இப்பதான் டாக்டர் சொல்றாரு.”

“தொடை வழியா ஒயரு விட்டாங்களே?”

“ஒயரு எல்லாருக்கும் விட்டாங்க. பாதிப் பேருக்குத்தான் பிரஷர் கொறைய கிட்னி நரம்புல சூடு வெச்சாங்களாம். ஆராய்ச்சின்னா அப்படித்தானாம், ஆறு மாசம் சொல்லவே மாட்டாங்களாம். எனக்கு சும்மா!”

“அப்ப பிரஷர் கொறஞ்சுதே?”

“அதான் அவரும் முழிக்கிறாரு. சரி, சும்மா ஒயரு விட்டதுக்கு என் நாக்கு ஏன் செத்துச்சு? அன்னிலேர்ந்து எத சாப்ட்டாலும் சப்புனு கீது. பக்க விளைவுன்னு எழுதியே வெச்சிருக்காங்க.”

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன்.

“உப்ப நான்தாங்க பாதியா கொறச்சேன். சொன்னா சாப்பிட மாட்டீங்களே.”

“சாப்பாட்ட மாத்தக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னாங்களேடி!”

“உங்ககிட்டதானே சொன்னாங்க.”

அவர் முன் கம்பியை ஓங்கித் தட்டினார்.

“அப்ப என் நாக்கு நல்லாத்தான் கீதா!”

உடனே போனை எடுத்தார்.

“சார், அந்த ஏட்டுல என் நாக்க அடிச்சிடுங்க. எங்க வீட்டம்மா பேர எழுதுங்க. பிரஷர கொறச்சது அவங்கதான் சார்!”