கறுப்புப் பெட்டிக்குப் பெயர் சொல்லியே களைத்துப்போன ஸ்டானிஸ்லாஸ் ஐயாவுக்கு

கன்டெய்னர் யார்டின் கண்ணே! கம்ப்யூட்டர் அறையின் காவலே! பாஸ்வேர்டை ஆறு ஆண்டுகளாகப் பல்லுக்கு வெளியே விடாத பிடிவாதப் பெருந்தகையே! இராயபுரம் எங்களுக்கு அனுப்பிவைத்த ஸ்டானிஸ்லாஸ் ஐயாவே! இன்றோடு ஓய்வுபெறும் உங்களுக்குத் திருவொற்றியூர் யார்டின் ஏற்றியிறக்கும் தொழிலாளர்களாகிய எங்கள் வணக்கம். வணக்கத்தோடு வயிற்றெரிச்சலையும் சொல்லாமல் விட்டால் இது பாராட்டு ஆகாது, பொய் ஆகிவிடும்.

கேட் அறை மூலையில் ரூட்டர் என்று ஒரு கறுப்புப் பெட்டி. நம் யார்டிலிருந்து துறைமுகத்துக் கம்ப்யூட்டருக்குப் போக அது ஒன்றுதான் வழி. கரன்ட் போய் வந்தால் அது பெற்ற தாயையும் மறந்த பிள்ளைபோல் உங்களிடமே பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். கொடுத்தால் பச்சை விளக்கு எரியும், கேட் பாஸ் அச்சாகும், டிரெய்லர் நகரும். வண்டி நகர்ந்தால்தான் எங்களுக்குக் கூலி. அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் பெட்டியே தானாகச் சொல்லிக்கொள்ளும்படி அதற்குள் எழுதிவைக்கலாமாம். எழுதிவைத்தால் எவனாவது எடுத்துவிடுவான் என்று தலைமை அலுவலகம் பயந்தது. அதைவிட நீங்கள் பயந்தீர்கள்.

பொறுமையின் பொக்கிஷமே! அந்தப் பொறுமையை எங்களிடம் கொஞ்சம் கடன் வாங்கித்தான் வைத்திருந்தீர்கள். டோல்கேட் வரைக்கும் வண்டி வரிசையாக நிற்கும். பாஸ் அடிக்கும் தாஹிரா அம்மாவின் ஜன்னலில் நம் துரை தலையை நுழைப்பான்.

"இன்னா தாஹிராம்மா, பொட்டி இன்னா சொல்து?"

"பேரு கேக்குது துரை. சார் சாப்ட்டுகினு கீறாரு."

"பேருதானே? என் பேரைப் போடு, தொறக்குதா பாக்கலாம்!"

நீங்கள் கை கழுவாமலே ஓடிவருவீர்கள். எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடக்கையால் ஒவ்வொரு எழுத்தாக அடிப்பீர்கள். அதற்கு முன், "எல்லாரும் திரும்பி நில்லுங்கப்பா" என்பீர்கள். நாற்பது வயதில் தமிழ் எழுத்தைக் கூட்டக் கற்றவன் நான். அந்த இங்கிலீஷ் எழுத்துப் பலகையில் எதைப் பார்த்துத் திருடப்போகிறேன்? என்றாலும் ஆறு ஆண்டுகளும் சுவரைப் பார்த்துத்தான் நின்றேன். அந்தச் சுவரில் எந்த இடத்தில் காரை பெயர்ந்திருக்கிறது என்று என்னைக் கேளுங்கள்.

கடைசியில், இந்த மாதம்தான் மேலிடம் மனமிரங்கியது. பெட்டியே தன்னைத்தானே திறந்துகொள்ள எழுதிவைத்தீர்கள். பச்சை எரிந்தது. துரை உங்களுக்குச் சோடா வாங்கிவந்தான். மறுநாள் கரன்ட் போனது, பெட்டி மறுபடி பெயர் கேட்டது! மீண்டும் எழுதினீர்கள், மீண்டும் மறந்தது. பேஜாராகிவிட்டது ஐயா! நாளை முதல் உங்கள் நாற்காலியில் ஆள் கிடையாது, புதியவர் வர ஆடி பிறக்கும் என்கிறார்கள். அதுவரை கரன்ட் போகிற ஒவ்வொரு நாளும் எங்கள் வீட்டு அடுப்பும் சேர்ந்து அணைய வேண்டியதுதானா?

துரை வாய்விட்டே கேட்டான்: "சார், லோடு கட்டுனா கயித்துல ஆளு ஏறித் தொங்கிப் பாத்துட்டுதான் வண்டிய வுடுவோம். நீங்க இன்னா, பச்சையப் பாத்ததும் எழுந்து பூடுறீங்க?"

"எழுந்து போறேனா? பச்சை வந்ததும் வண்டி வண்டின்னு கையப் புடிச்சி இழுத்துக்கினு போறது யாருடா?" என்று கத்தினீர்கள். கத்தும்போதே உங்களுக்குப் புரிந்துவிட்டது. அடித்ததைப் பெட்டி கரன்ட் இருக்கும்வரைதான் வைத்திருக்கும், சேமிக்கச் சொல்லி இன்னொரு வரி அடித்தால்தான் நிலையாகத் தங்கும் என்று தலையில் கைவைத்துக்கொண்டீர்கள். அந்த ஒரு வரியை அடிப்பதற்குள் இரண்டு முறையும் நாங்கள் உங்களை இழுத்துவிட்டோம். இதில் யாரை யார் திட்டுவது!

இன்று காலை யாரும் உங்கள் கையைப் பிடிக்கவில்லை. அந்த வரியையும் அடித்து முடித்தீர்கள். மதியம் நடப்பதைப் பார்க்காமல் இந்த மடலை முடிக்கக்கூடாது என்று இதற்குக் கண்ணாடிச் சட்டம் போடுபவரைக் காக்கவைத்தேன். நீங்கள் டிபன் பாக்ஸைத் திறந்து முதல் வாய் வைத்ததும், "இப்ப புடுங்குடா" என்றீர்கள். துரை பிளக்கைப் பிடுங்கி, திரும்பச் செருகினான். பெட்டி விழித்தது. பழக்கம் விடுமா? நாங்கள் எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம். முதுகுக்குப் பின்னால் பிரிண்டர் கரகரவென்று பாஸ் அடித்தது.

திரும்பிப் பார்த்தோம். உங்கள் வலக்கையில் சோறு இருந்தது. இடக்கை மடியில் சும்மா கிடந்தது.

எங்களை வாட்டியவரே, எங்களால் வாடியவரே! நெடுநாள் நலமாக இருங்கள். இனி உங்கள் தட்டில் சோறு ஆறவே வேண்டாம். பாதிச் சாப்பாட்டில் உங்களை எழுப்ப இந்த யார்டிலிருந்து யாரும் வரமாட்டோம்.

திருவொற்றியூர்
31.5.2005

யார்டு தொழிலாளர்கள் அனைவருக்காகவும்
உச்சிமாகாளி