பச்சைச் சீட்டு

எனக்கு ரயில் பயணம் ஒத்துக்கொள்ளாது, ஐயா. நாலு ஸ்டேஷன் தாண்டுவதற்குள் வயிற்றைப் புரட்டும். ஜன்னலோரம் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போவேன். என் மனைவிக்கு இது பெரிய வேடிக்கை. "ரயில்வே சோறு சாப்பிடறவருக்கு ரயிலே ஆகாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

மேசைமேல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்த விசிலைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். அதை ஏன் ஊதவில்லை என்று. நேற்றும் இதையே கேட்டீர்கள், நேற்று நான் சொன்னது பாதிதான். இன்று முழுவதையும் சொல்கிறேன். ஆனால் வரிசையாகத்தான் சொல்வேன். வரிசை தவறினால் எனக்குப் பேச வராது, அது தொழில் பழக்கம்.

என் வேலை, விபத்து நடந்த பிறகு என்ன செய்வது என்று விபத்து நடப்பதற்கு முன்னால் யோசிப்பது. ரயில் கவிழ்ந்தால் யாருக்கு முதல் போன், நிவாரண ரயிலை யார் கிளப்புவது, எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை கட்டில் காலி, இருட்டில் விளக்கு எங்கிருந்து வரும், எல்லாம் என் திட்டத்தில் இருக்கிறது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற உலகம் இது. தும்பைப் பிடிப்பதற்கென்று சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நான்.

இந்த வேலைக்கு நானாகத்தான் வந்தேன். சின்ன உத்தியோகத்தில் இருந்தபோது ஒரு நிஜ விபத்தைப் பார்த்தேன். பெட்டிக்கு அடியில் ஒருவர் மாட்டிக்கொண்டிருந்தார், என் கையைப் பிடித்தபடி. இரும்பு வெட்டும் கருவி நிவாரண ரயிலில் இருந்தது. கருவி வைத்துப் பூட்டியிருந்த அறையின் சாவி ஒருவரின் சட்டைப்பையில் இருந்தது. சட்டை ஒரு கல்யாண வீட்டில் இருந்தது. "வந்துட்டாங்களா தம்பி?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "வந்துட்டாங்க, இதோ வந்துட்டாங்க" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். சாவி வந்து சேர்ந்தபோது அவர் கேட்பதை நிறுத்தியிருந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே ஒத்திகை. வருடத்துக்கு இரண்டு முறை. யார்டின் கோடியில், சரிவில் இறங்கி ஒரு தடுப்போடு முடிந்துபோகும் முட்டுத் தண்டவாளத்தில் ஒரு கழித்துப் போட்ட பெட்டி நின்றது. ஊழியர்களும் அவர்கள் வீட்டாரும் அதற்குள் அடிபட்டவர்களாக உட்காருவார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் நான் ஒரு சீட்டு மாட்டுவேன். சிவப்பு என்றால் உடனே தூக்க வேண்டும். மஞ்சள் என்றால் அடுத்து. பச்சை என்றால் லேசான காயம், பொறுத்திருக்கக்கூடியவர். கறுப்பு என்றால் அவசரம் இல்லை. சிவப்புச் சாயத்தை நானே குழைத்துப் பூசுவேன். சைரன் ஒலித்ததும் நிவாரணக் குழு ஓடி வந்து சீட்டின் நிறத்தைப் பார்த்துப் பார்த்து வெளியே கொண்டுபோக வேண்டும்.

கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது என்ன தெரியுமா? சுற்றுலா. தலையணை கொண்டு வருவார்கள். கறுப்புச் சீட்டு மாட்டிய ஒருவர் செத்தபடியே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார். குழுவின் மேஸ்திரி, நல்ல வேலைக்காரர்தான், ஸ்ட்ரெச்சரைத் தூக்கும்போதே "இந்தப் பக்கம் ரொம்ப கனமா இருக்கே, டிக்கெட் ரெண்டு வாங்கினீங்களா?" என்று கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை.

போன வருடம் எங்கள் குமாஸ்தா, குண்டான மனிதர், ஸ்ட்ரெச்சரில் கட்டிப்போட்டது பொறுக்காமல் "ஐயோ, நிஜமாவே வலிக்குது, இது ஒத்திகை இல்லைய்யா, நிஜம்" என்று கத்தினார். குழு முழுவதும் நின்றுவிட்டது. ஒத்திகைக்கு வந்திருந்த ரயில்வே டாக்டரம்மா ஓடி வந்தார். அவிழ்த்து விட்டதும் குமாஸ்தா நேராகக் கழிவறைக்குப் போனார். அவ்வளவுதான் விஷயம். அன்றைக்கே திட்டத்தில் ஒரு விதி சேர்த்தேன். ஒத்திகையின்போது அடிபட்டவர் என்ன சொன்னாலும் காதில் வாங்கக் கூடாது. நிஜமாக ஏதாவது ஆகிவிட்டால் ஒத்திகையை நிறுத்தும் அதிகாரம் ஒருவருக்கு மட்டுமே. அவர் நீளமாக ஒரு விசில் கொடுப்பார். அந்த ஒருவர் நான்.

நல்ல விதி, ஐயா. பெரியவர்கூடக் கையெழுத்துப் போட்டார்.

பெரியவர் என்றால் எங்கள் மேலதிகாரி. கெட்டவர் இல்லை, கணக்குப் பார்ப்பவர். இந்த வருட ஆரம்பத்தில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "உங்க ஒத்திகையைப் பார்த்தேன்யா. பொருட்காட்சிக்கு வந்த மாதிரி இருக்கு. நிவாரண ரயிலை ஆத்துக்கு அந்தப் பக்கம் தலைமையிடத்துக்கே கொண்டுபோயிடலாம்னு இருக்கோம். அடுத்த ஒத்திகைக்கு நானே வரேன். அதையும் பார்த்துட்டு முடிவு பண்றேன்." ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வண்டி வந்து சேர்வதற்குள் அடிபட்டவன் ஆறிப்போய்விடுவான். எத்தனை பேர் கையைப் பிடித்துக்கொண்டு "வந்துட்டாங்க" என்று பொய் சொல்வது? யார் சொல்வது?

எனக்கு வேறு வழி தெரியவில்லை. எங்கள் ஆட்கள் வேகமானவர்கள். நம்பிக்கைதான் இல்லை. பட்டால்தான் தெரியும் என்பார்களே, கொஞ்சம் பட வேண்டியிருந்தது. உள்ளே இருப்பவர்கள் நிஜமாகப் பயந்து அலறினால் குழு தானாக ஓடும். இதில் தவறான யோசனை எது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒத்திகை அன்று காலையில் என் மனைவி பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவள் தங்கைக்கு உடம்பு சரியில்லை, போய்ப் பார்த்துவிட்டு வருவதாக இருந்தாள்.

"ஒரு ஆள் குறையுது. நீ வந்துடேன்" என்றேன்.

"என்னை விட்டா அடிபட உங்களுக்கு வேற ஆளே கிடைக்காதா?"

"பெரியவர் வர்றாரும்மா. இன்னிக்கு ஒரு நாள்."

அவள் பையைக் கீழே வைத்தாள். "சரி, வரேன். ஆனா எனக்குப் பச்சைதான். போன தடவை மாதிரி சிவப்பு மாட்டி ஸ்ட்ரெச்சர்ல கட்டிப் போட்டீங்க, ராத்திரி சோறு கிடையாது. பச்சைன்னா நானே நடந்து வந்து ஒரு டீயைக் குடிச்சுட்டு தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன்."

பெட்டியில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்தேன். பச்சைச் சீட்டை நானே கழுத்தில் மாட்டினேன். நெற்றியில் ஒரு கோடு சாயம் பூசியபோது கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். "சில்லுனு இருக்கு" என்றாள்.

இனி விசாரணைக்கு வேண்டியதைச் சொல்கிறேன். அந்தப் பெட்டிக்குக் கை பிரேக் வேலை செய்யாது. சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த இரண்டு மரக்கட்டைகள்தான் அதைச் சரிவில் பிடித்து வைத்திருந்தன. ஒன்றை முன்பே எடுத்துவிட்டேன். இன்னொன்றில் கயிறு கட்டியிருந்தேன். பல வருடம் நின்ற சக்கரம் சுலபத்தில் உருளாது, எனவே அந்த வாரம் முழுவதும் அச்சுகளுக்கு எண்ணெய் விட்டு வந்தேன். சரிவின் முடிவில் தடுப்பு இருக்கிறது, பெட்டி அதில் மோதி ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிடும் என்று எதிர்பார்த்ததாக நேற்று சொன்னேன். தடுப்பின் கட்டைகள் மக்கிப்போனது எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன். தெரியும், ஐயா. காலால் உதைத்துப் பார்த்திருக்கிறேன். அதற்கு அப்பால் பள்ளம் இருப்பதும் தெரியும்.

மேஸ்திரியிடம், "இந்தத் தடவை பெட்டியைப் பள்ளத்துல சாய்ச்சு வெச்சிருப்போம், சாயமும் நிறைய இருக்கும், மிரண்டுடாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன். அவர் மிரண்டு நின்றுவிட்டால் நேரம் வீணாகும் அல்லவா.

ஆள் குறைகிறது என்று மனைவியிடம் சொன்னேனே, குறையவில்லை. ஒருவர் அதிகமாகவே இருந்தார். திட்டம் போடுகிறவன் பின்னால் வரும் கேள்விகளையும் யோசிக்க வேண்டும். சொந்த மனைவியை உள்ளே உட்கார வைத்தவன் வேண்டுமென்றே கட்டையை உருவியிருப்பான் என்று யாருக்குத் தோன்றும்? உங்களுக்கே நேற்றுவரை தோன்றவில்லை. கூண்டிலேற்ற வேண்டியவனுக்கு உங்கள் கையால் தண்ணீர் கொடுத்தீர்கள்.

கயிற்றை இழுத்தேன். பெட்டி மெதுவாகத்தான் கிளம்பியது. உள்ளே யாரோ "அட, இந்தத் தடவை நிஜமாவே ஓட்டறாங்கப்பா" என்று சொன்னது கேட்டது. சிரித்தார்கள். பிறகு வேகம் பிடித்தது. தடுப்பை முறித்துக்கொண்டு பக்கவாட்டில் பள்ளத்துக்குள் விழுந்தது. சத்தத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. நான் போன் செய்தேன், சைரன் ஒலித்தது.

அவர்கள் வந்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அலறல் கேட்டதும் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. ஏணி, கயிறு, இரும்பு வெட்டும் கருவி, எல்லாம் எழுதி வைத்த இடத்திலிருந்து எழுதி வைத்த கைக்கு வந்தது. குழுவோடு வந்திறங்கிய பெரியவர் கையில் கடிகாரத்தோடு நின்று, "பிரமாதம்யா, என்னமா நடிக்கிறாங்க" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாகச் சாவி சரியான நேரத்துக்கு வந்த மாதிரி இருந்தது.

முதலில் குமாஸ்தாவைத் தூக்கினார்கள், அவர் கழுத்தில் சிவப்பு. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. "எனக்கு ஒண்ணுமில்லைடா, பாவிங்களா, உள்ள இருக்கிறவங்களைப் பாருங்கடா, இது நிஜம்டா" என்று அழுதார். அவரை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். விதி என்றால் விதி.

மேஸ்திரி ஒரு தடவை என்னிடம் வந்தார். கையைப் பார்த்துக்கொண்டே, "சார், சாயம் கொஞ்சம் சூடா இருக்கே" என்றார்.

"வெயில்ல வெச்சிருந்தேன். வேலையைப் பாருங்க" என்றேன். போய்விட்டார். என் பேச்சை அவர் என்றைக்கும் தட்டியதில்லை. அவர்மேல் வழக்குப் போடாதீர்கள்.

என் மனைவி இருந்த ஜன்னல் மேல்பக்கம் வந்திருந்தது. சாமான் வைக்கும் இரும்புச் சட்டம் அவள் மார்புக்குக் குறுக்கே விழுந்திருந்தது. மேஸ்திரி எட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன். "தம்பி, மூச்சு விட முடியலப்பா" என்றாள். அவர் பச்சைச் சீட்டைப் பார்த்தார். "அக்கா, போன வருஷம் குமாஸ்தா பேசின மாதிரியே பேசறீங்களே. இருங்க, சிவப்பெல்லாம் முடிச்சுட்டு வரேன்" என்று அடுத்த ஜன்னலுக்குப் போனார்.

அப்போது அவள் என்னைப் பார்த்தாள். நான் பள்ளத்தின் ஓரத்தில், பேசினால் கேட்கிற தூரத்தில்தான் நின்றேன். "ஏங்க," என்றாள். "விசிலை ஊதுங்க."

விசில் என் கையில் இருந்தது. ஊதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒத்திகை நின்றிருக்கும், பெரியவர் கடிகாரத்தைப் பைக்குள் போட்டிருப்பார். நிவாரண ரயில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போயிருக்கும். நாளைக்கு நடக்கப்போகிற விபத்தில் எத்தனை பேர் மனைவிகள் மாட்டிக்கொண்டு கிடப்பார்கள்? கொஞ்சம் பொறு என்று அவளுக்குக் கையால் ஜாடை காட்டினேன். அவளுக்குப் புரிந்தது. பிறகு அவள் கூப்பிடவில்லை.

டாக்டரம்மாதான் எல்லாவற்றையும் கெடுத்தார். முதலுதவிக் கூடாரத்தில் ஒருவர் காயத்தைத் துடைத்துப் பார்த்துவிட்டு, கையெல்லாம் ரத்தமாக ஓடி வந்து, "சார், இது சாயமில்லை, இது சாயமில்லை, விசிலை ஊதுங்க" என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். நான் பெரியவரைப் பார்த்தேன். கடைசி மஞ்சளும் வெளியே வந்திருந்தது, நேரக் கணக்கு மஞ்சளோடு முடிந்துவிடும். அவர் கடிகாரத்தை நிறுத்தினார். அதற்குப் பிறகு ஊதினேன். ஆகவே விசிலை ஊதவே இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பது தவறு, திருத்திக்கொள்ளுங்கள்.

மூன்று பேர் இறந்தார்கள். மூவர் கழுத்திலும் பச்சை. அதற்கு நான்தான் காரணம். கட்டையை உருவியது நான், சாயம் என்று சொன்னது நான், விசிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். நிவாரண ரயிலை இங்கேயே வைத்துக்கொள்ளப் போவதாகக் கேள்விப்பட்டேன். உண்மைதானா என்று விசாரித்துச் சொன்னால் நன்றாயிருக்கும்.

என் மனைவியைப் பற்றி மட்டும் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவள் தங்கையும் நேற்று வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். குழு தாமதமாக வரவில்லை, ஐயா. சிவப்பு முடிந்து, மஞ்சள் முடிந்து, பச்சைக்கு வர வேண்டிய நேரத்தில் சரியாக அவளிடம் வந்தார்கள். நானே இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்து, "வந்துட்டாங்கம்மா" என்று சொன்னேன். இந்தத் தடவை அது பொய் இல்லை. அவள்தான் பொறுத்திருக்கவில்லை.