பூவாளியும் நானும்

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை சார். உங்கள் கலைக்கூடத்துக்குக் காலையில் வந்ததும் பூவாளியைத்தான் கையில் எடுப்பேன். காவல்காரரைக் கேட்டுப் பாருங்கள். "இப்படியொரு புருஷன் யாருக்குக் கிடைப்பான்"னு அவரே சொல்லியிருக்கிறார்.

என் மனைவி உங்கள் பெரிய அறையில் அமைத்த படைப்பு உங்களுக்குத் தெரியாததா? வீட்டுக்கு வீடு வளர்கிற மணி பிளான்ட்டும் பாம்புக் கற்றாழையும்தான், கூரை வரை அடுக்கடுக்காக. உதிர்ந்த இலை மண்புழுப் பெட்டிக்குப் போகும். அங்கே மக்கிய மண் மறுபடி தொட்டிக்கு வரும். வடிகிற தண்ணீர் குழாய் வழியே மேலே ஏறும். "செத்தது எதுவும் வீணாப் போகாதுங்க" என்பாள். ஆவியாகிற தண்ணீரை ஈடுகட்டுவது மட்டும் என் பொறுப்பு.

கண்காட்சி முடியும்வரை செடிகள் செழித்திருந்தால் வெளிநாட்டில் தங்கி வேலை செய்ய அவளுக்கு அழைப்பு உண்டு என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அன்று சமையலறையில் அவள் குதித்த குதி இருக்கிறதே! "ரெண்டு வருஷம்தானேங்க, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுவேன்" என்றாள். நான் மூடிப் பார்த்தேன். திறந்தபோது எதிரே உப்பு ஜாடி இருந்தது.

தினம் ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். மிச்சத்தை அவளுடைய சுழற்சியே பார்த்துக்கொண்டது. தொட்டியிலிருந்து இலைக்கு, இலையிலிருந்து புழுவுக்கு, மறுபடி தொட்டிக்கு. உப்புக்கு வெளியேற வழியே இல்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நினைப்பதற்குத்தான் ஒரு செடியும் மிஞ்சவில்லை.

"என் கை ராசியில்லாத கைங்க, தொட்டதெல்லாம் கருகுது" என்று அழுதாள். முன்பு அவளுடைய மண் சிற்பங்கள் என் கை தவறி விழுந்தபோதும், நான் திறந்துவைத்த ஜன்னல் வழியே ஓவியங்கள் மழையில் நனைந்தபோதும் இதையேதான் சொன்னாள். தேற்றுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை சார்.

பூவாளியின் அடியில் படிந்த உப்பை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். சரி, எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், பாவம், தாங்கமாட்டாள். நேற்றுத்தான் கருகிய கொடியில் எங்கோ ஒரு பச்சைத் துளிரைக் கண்டுபிடித்துக் கிள்ளி வந்து, கண்ணாடி டம்ளரில் போட்டு, ஜன்னலோரம் வைத்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

அதற்குத் தண்ணீர் மாற்றும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?