காம்பில் தடவிய வேப்பெண்ணெய்

யுத்த காலத்துச் சீமெண்ணெய் வரிசையில் காதைப் பொத்திக்கொண்டா நிற்க முடியும்? பட்டாளம் தங்கியிருந்த பெங்களூர் தண்டுப் பகுதியில் எனக்கு முன்னால் நின்றவளின் இடுப்பில் ஒரு குழந்தை ரப்பர் காம்பைச் சப்பிக்கொண்டிருந்தது.

“ரெண்டு வயசாச்சே, இன்னுமா இத மறக்கடிக்கல?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி போலிருந்தவள்.

“அப்பாவப் புடுங்கிட்டா எப்படிக்கா தூங்குவான்?”

“அப்பாவா?”

“பட்டாளத்துக்குப் போற அன்னிக்கு அவரு வாங்கியாந்து வாயில வெச்சது. ‘அப்பா குடுத்தது’ன்னு நான் சொல்லிச் சொல்லி, இதுக்கே அப்பான்னு பேர் வெச்சுட்டான்.”

“வேப்பெண்ணெய் தடவிப் பாரேன்.”

“நேத்து தடவினேன். துப்பிட்டு, ‘அப்பா கசப்பு’ன்னு அழுதான்.”

வரிசை கொஞ்சம் நகர்ந்தது.

“அப்புறம்?”

“அவரு வந்து நிக்கிறப்ப அந்தப் பேரு கசக்கக் கூடாதில்லக்கா. கழுவிட்டு, சக்கரையில தொட்டு நானே வாயில வெச்சேன்.”