பதினொன்றாம் வகுப்புச் சுடிதார்

பள்ளி திறக்க நாலு நாள்தான் இருந்தது. நெய்வேலி மெயின் பஜார் தையல்கடையில் அளவு கொடுக்கும் வரிசையில் நின்றிருந்தேன். நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்த கையோடு வேலைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்த ஓர் அம்மா, பக்கத்தில் நின்ற பிள்ளையைக் காட்டிச் சொன்னார்:

“போன வருஷம் பேண்ட் தைச்சீங்களே, அதே புள்ளைக்குத்தாங்க இப்ப சுடிதார்.”

டெய்லர் கழுத்திலிருந்த டேப்பை எடுக்கவில்லை. “பையன்னுல்ல நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்?”

“நாங்களும் அப்படித்தாங்க நெனச்சிக்கினு இருந்தோம். அவ பொண்ணு.”

“ஸ்கூல்ல ஒத்துக்குவாங்களா?”

“பசங்களுக்கு பேண்ட், பொண்ணுங்களுக்கு சுடிதார், அதான் ரூலுன்னாரு ஹெட்மாஸ்டர். ரூல்படிதான் சார் நானும் கேக்குறேன்னேன். ஒரு மணி நேரம் அவரு முன்னாடி உக்காந்த எடத்த விட்டு நான் எந்திரிக்கல. கடைசில கையெழுத்து போட்டுக் குடுத்துட்டாரு.”

டெய்லர் நோட்டைப் புரட்டிப் பழைய பேரை அடித்தார். “பேரு என்னம்மா எழுத?”

“கயல்விழி” என்றாள் அந்தப் பெண், வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி.

டேப் அவள் தோளுக்குப் போனது. “அளவா தைக்கவா, லூசாவா?”

“ஓரத்துல நல்லா துணி உள்ள விட்டுத் தைங்க” என்றார் அம்மா. “வளர்ற புள்ள. பன்னெண்டாவது முடிக்கிற வரைக்கும் இதேதான் போடப்போறா.”